அந்த இரண்டு பேரையும் பிரிக்கலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். கூடைப்பந்தாட்டத்தில் தொடங்கி எங்கள் வகுப்பறையில் வந்து முடியும். விளையாட்டில் விருப்பம் இல்லாத பெற்றோரும் நடுவில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். கடைசியில் உங்களிடம் ஒரு விஷயம் கேட்க இருக்கிறது.

முதலில் "நாங்கள்" யார் என்று சொல்லிவிடுகிறோம். ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் மூன்று பேர். கல்வியியற் கல்லூரியில் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். இந்தக் கணக்கு ஒருவருடையது என்றாலும் இதை மூன்று பேரும் சேர்ந்துதான் எழுதுகிறோம், ஏனென்றால் இதில் உள்ள பிழையும் மூன்று பேருக்கும் உரியது.

எங்கள் ஊரில் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும்தான். கூடைப்பந்தாட்டத்தை எங்களுக்குப் பழக்கியது விடுதியில் பக்கத்து அறையில் இருந்த மட்டக்களப்பு நகர நண்பர். அங்கே புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைக் குருமார் படிப்பித்த காலத்திலிருந்து அந்த விளையாட்டு ஊன்றிப்போய் இருக்கிறது. அவர் போனில் என்.பி.ஏ. ஆட்டம் பார்ப்பார், நாங்கள் எட்டிப் பார்ப்போம். அப்படிப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. அங்கே இரவு நடக்கும் ஆட்டம் எங்களுக்கு விடியற்காலை. சுபஹ் தொழுதுவிட்டு வந்து பிளேன்டீயோடு உட்கார்ந்தால் முதற் பாதி பார்க்கலாம். மிச்சத்தை இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் பார்ப்போம்.

பல வருடமாக எங்களுக்குள் ஓயாத ஒரு வாக்குவாதம் இருந்தது. பொஸ்டன் செல்டிக்ஸ் அணி ஜேசன் டேட்டத்தையும் ஜேலன் பிரவுனையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டுமா, இல்லை ஒருவரைக் கொடுத்துவிட்டு வேறு ஆளை எடுக்க வேண்டுமா?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். என்.பி.ஏ.யில் ஒவ்வொரு வருடமும் புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தெரிவு செய்யும். பொஸ்டன் 2016இல் மூன்றாவது இடத்தில் பிரவுனை எடுத்தது. அடுத்த வருடம், 2017இல், அதே மூன்றாவது இடத்தில் டேட்டத்தை எடுத்தது. 2018இல் இருவரும் சேர்ந்து ஆடிய முதல் வருடமே கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரில் லெப்ரோன் ஜேம்ஸ் ஆடிய கிளீவ்லண்ட் அணியை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார்கள். அப்போது பிரவுனுக்கு வயது 21, டேட்டத்துக்கு 20. அந்த ஆட்டத்தில் தோற்றாலும், இன்னும் இரண்டு வருடத்தில் கிண்ணம் இவர்களுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இரண்டு வருடம் போனது, நான்கு வருடம் போனது, கிண்ணம் வரவில்லை. 2020இல் மயாமியிடம் தோல்வி. 2021இல் முதல் சுற்றோடு வீடு. பிறகுதான் அந்தப் பேச்சு பலமாகக் கிளம்பியது.

பிரிக்க வேண்டும் என்றவர்கள் சும்மா சொல்லவில்லை. இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே இடத்தில் நின்று ஆடுபவர்கள், ஒரே மாதிரிப் புள்ளி எடுப்பவர்கள். இருவருக்கும் பந்து கையில் வேண்டும். மற்றவருக்குப் பந்து எடுத்துக் கொடுத்து ஆட்டத்தை நடத்துகிற ஆள் இருவரில் ஒருவரும் இல்லை. "இவன் ஒரு தடவை, அவன் ஒரு தடவை" என்று மாறி மாறி எறிவார்கள். மற்ற மூன்று பேரும் நின்று பார்ப்பார்கள்.

இதை வெளியில் இருந்தவர்கள் மட்டும் சொல்லவில்லை. 2021 நவம்பரில் சிக்காகோ அணியிடம் பெரிய முன்னிலையைக் கோட்டைவிட்டுத் தோற்ற அன்று, அதே அணியில் ஆடிய மார்க்கஸ் ஸ்மார்ட் பத்திரிகையாளர் முன்னால் வெளிப்படையாகவே சொன்னார். எதிரணி எல்லோருக்கும் தெரியும், பந்து இந்த இருவருக்கும்தான் போகும் என்று. அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுக்கப் பழக வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதின் சாரம்.

இந்தப் பேச்சைக் கேட்டபோது எங்களில் ஒருவர் சிரித்தார். "இது நம்முட தரம் 9இல் நாம் கேட்ட கதைதானே" என்றார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறோம்.

2022 ஜனவரியில் பொஸ்டன் வென்றதைவிடத் தோற்றது அதிகம், 18 வெற்றி, 21 தோல்வி. அந்த மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சி விவாதமெல்லாம் "யாரைக் கொடுப்பது" என்பதுதான். கொடுக்கவில்லை. அதே பருவத்தை 51 வெற்றியோடு முடித்து இறுதித் தொடருக்கே போனார்கள். கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிராக 2-1 என்று முன்னிலையில் நின்று, பிறகு தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றார்கள். அந்தக் கோடையிலேயே கெவின் டுராண்டுக்காகப் பிரவுனைக் கொடுக்கப் பேச்சு நடந்ததாகச் செய்தி வந்தது.

2023 மே மாதத்தை நாங்கள் மறக்கமாட்டோம். மயாமி எட்டாவது இடத்தில் இருந்து வந்த அணி. அவர்களிடம் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. பிறகு மூன்றும் வெற்றி. ஏழாவது ஆட்டம் பொஸ்டனில். முதல் நிமிடத்திலேயே டேட்டத்தின் கணுக்கால் பிரண்டது. அவர் நொண்டி நொண்டி ஆடினார். இப்போது பிரவுன்தான் தூக்க வேண்டும். அவர் 23 தடவை எறிந்து 8தான் விழுந்தது, 8 தடவை பந்தைப் பறிகொடுத்தார். 103-84. அன்று காலை ஸ்டாஃப் ரூமில் எங்களில் இருவர் தீர்ப்பு எழுதிவிட்டோம். "இனி இவர்களைச் சேர்த்து வைத்திருப்பது முட்டாள்தனம்."

அணியின் முடிவோ வேறாக இருந்தது. இரண்டே மாதத்தில் பிரவுனுக்கு ஐந்து வருடத்துக்கு 304 மில்லியன் டொலர் வரை ஒப்பந்தம். அதுவரை என்.பி.ஏ. வரலாற்றில் யாருக்கும் கொடுக்காத தொகை.

அந்த முடிவை எடுத்தவர் பிராட் ஸ்டீவன்ஸ். இவருடைய கதை ஆசிரியர்களான எங்களுக்குக் கிட்டத்தில் வருகிறது. 2013 முதல் 2021 வரை அவர்தான் அந்த அணியின் பயிற்சியாளர். இரண்டு பேரையும் பொடியன்களாகக் கையில் எடுத்து வளர்த்தவர். 2021இல் பயிற்சியை விட்டு நிர்வாகத் தலைவரானார். வகுப்பாசிரியராக இருந்தவர் அதே பாடசாலைக்கு அதிபரானது போல. அவருக்கு அந்த இருவரும் பரீட்சைப் புள்ளி மட்டுமல்ல, எங்கே தடுக்குகிறார்கள், ஏன் தடுக்குகிறார்கள் என்றும் தெரியும்.

அவர் இருவரையும் தொடவில்லை, சுற்றி இருந்ததை மாற்றினார். அனுபவசாலியான அல் ஹோர்ஃபர்டைத் திரும்பக் கொண்டு வந்தார். 2022 பெப்ரவரியில் டெரிக் வைட். 2023இல் உயரமான கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ், பிறகு ஜ்ரூ ஹொலிடே. பந்தைக் கையில் வைத்துக்கொள்ள ஆசைப்படாத, கொடுக்கத் தெரிந்த, காத்து ஆடத் தெரிந்த ஆட்கள். இப்போது டேட்டம் பந்தைக் கொடுத்தால் வாங்கி எறிய நான்கு பேர் இருந்தார்கள். பழகச் சொன்ன பாடத்தைப் பழகுவதற்கு ஏற்ற வகுப்பு அப்போதுதான் அமைந்தது.

2023-24 பருவத்தில் 64 வெற்றி. இறுதித் தொடரில் டலஸ் அணியை 4-1. பொஸ்டனுக்கு 18ஆவது கிண்ணம், 16 வருடத்துக்குப் பிறகு. அது இங்கே 2024 ஜூன் 18 காலை, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். குர்பான் வேலைக் களைப்பு இன்னும் போகாத உடம்போடு மூன்று வீட்டிலிருந்தும் போனில் கத்திக்கொண்டிருந்தோம்.

அந்தத் தொடரில் எங்களுக்குப் பிடித்தது இரண்டாவது ஆட்டம். டேட்டம் 22 தடவை எறிந்து 6தான் விழுந்தது. முன்பு என்றால் அதுவே தோல்விக்குக் காரணமாகியிருக்கும். அன்று அவர் மற்றவர்கள் புள்ளி எடுக்க 12 தடவை பந்து கொடுத்தார், அணி வென்றது. தொடர் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் அணியில் முதலில் நின்றவர் டேட்டம். ஆனால் தொடரின் சிறந்த வீரர் விருது பிரவுனுக்குப் போனது. பிரவுன் அந்த விருதை வாங்கிய மேடையிலேயே டேட்டத்தின் பெயரைச் சொல்லி, இது இருவருக்கும் உரியது என்றார்.

"பார்த்தீர்களா, பிரிக்காமல் விட்டதுதான் சரி" என்று இங்கேயே முடித்துவிடலாம். அது நேர்மையில்லை. பிரித்து வென்ற அணியும் இருக்கிறது.

டொரொண்டோவில் டிமார் டிரோசன், கைல் லௌரி என்று இருவர். களத்திலும் வெளியிலும் உயிர் நண்பர்கள். 2016, 2017, 2018 என்று மூன்று வருடம் தொடர்ந்து லெப்ரோனின் கிளீவ்லண்டிடம் தோற்றார்கள். கடைசி இரண்டு வருடமும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. 2018 ஜூலையில் நிர்வாகம் டிரோசனை சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டு கவாய் லெனர்டை எடுத்தது. அடுத்த வருடமே, 2019இல், டொரொண்டோவுக்கு வரலாற்றில் முதல் கிண்ணம். கணக்குப் பார்த்தால் அந்த முடிவு சரி. லெனர்ட் அடுத்த மாதமே அணியை விட்டுப் போனாலும், கிண்ணம் கிண்ணம்தான்.

ஆனால் டிரோசனின் மனம் உடைந்தது. ஒன்பது பருவம் அந்த ஊருக்காக ஆடியவர், மற்றவர்கள் விட்டுப்போன இடத்தில் நின்றவர். மாற்றியதைவிட, மாற்றமாட்டோம் என்று நம்பவைத்துவிட்டு மாற்றியதுதான் தன்னைக் காயப்படுத்தியது என்று அவர் சொன்னார். லௌரி கிண்ணத்தைத் தூக்கியபோது டிரோசன் அங்கே இல்லை.

பிரித்துத் தோற்றதற்கும் உதாரணம் உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸில் ஷக்கீல் ஓ'நீல், கோபி பிரையண்ட். 2000, 2001, 2002 மூன்று வருடமும் கிண்ணம். ஆட்டத்தில் இவர்களைப் போலப் பொருத்தம் கிடையாது. ஒருவர் கூடைக்குக் கீழே மலை, மற்றவர் வெளியிலிருந்து வெட்டிப் பாயும் ஆள். பொருந்தாதது மனம். யாருடைய அணி இது என்ற சண்டை. 2004இல் டெட்ரோயிட்டிடம் இறுதித் தொடரில் தோற்ற பிறகு ஓ'நீலை மயாமிக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே கோபி ஏழு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அடுத்த பருவம் லொஸ் ஏஞ்சல்ஸ் 34 வெற்றியோடு முதல் சுற்றுக்குக்கூடப் போகவில்லை.

பிறகு இருவரும் தனித்தனியே வென்றார்கள். ஓ'நீல் 2006இல், கோபி 2009இலும் 2010இலும். சேர்ந்திருந்தால் எத்தனை என்று இன்றைக்கும் ரசிகர்கள் எண்ணுகிறார்கள். வருடங்கள் கழித்து இருவரும் சமாதானமானார்கள். 2020 ஜனவரி 26இல் ஹெலிகொப்டர் விபத்தில் கோபியும் அவருடைய 13 வயது மகளும் இறந்த பிறகு, ஓ'நீல் தொலைக்காட்சியில் உட்கார்ந்து அழுதார். அந்தப் பெரிய மனிதர், பேசியிருக்க வேண்டிய ஆட்களோடு பேசாமல் விட்ட நாட்களைப் பற்றிச் சொன்னார். அந்தக் காணொளியை நாங்கள் முழுதாகப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

பிரிக்காமலே வைத்திருந்து கிண்ணம் கிடைக்காதவர்களும் உண்டு. யூட்டாவில் ஜோன் ஸ்டொக்டன், கார்ல் மலோன். 18 பருவம் சேர்ந்து ஆடினார்கள். ஒருவர் கொடுக்கிற ஆள், மற்றவர் முடிக்கிற ஆள். என்.பி.ஏ. வரலாற்றில் அதிக அசிஸ்ட் இன்றும் ஸ்டொக்டனுடையதுதான். 1997இலும் 1998இலும் இறுதித் தொடருக்குப் போனார்கள். இரண்டு தடவையும் எதிரில் மைக்கல் ஜோர்டனின் சிக்காகோ. கிண்ணம் இல்லை. ஆனால் யூட்டாவில் யாரும் அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்வதில்லை. இருவருக்கும் அங்கே சிலை நிற்கிறது.

ஆக, பிரித்தால் வெல்லலாம், தோற்கலாம். பிரிக்காவிட்டாலும் அப்படித்தான். விதி என்று ஒன்று இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொஸ்டன் இருவரையும் வைத்திருந்ததற்கு விலை இல்லாமல் இல்லை. அந்த விலையை வேறொருவர் கொடுத்தார். 2023இல் போர்சிங்கிஸை எடுக்க அனுப்பப்பட்டவர் யார் தெரியுமா? மார்க்கஸ் ஸ்மார்ட். "பந்தை மற்றவர்களுக்குக் கொடுங்கள்" என்று முதலில் வாய் திறந்து சொன்னவர். ஒன்பது பருவம் அங்கே ஆடியவர், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. அவர் சொன்ன பாடத்தை அணி படித்தது, சொன்னவர் கிண்ணத்துக்கு இல்லை.

பிறகு காசு. 2023இல் வந்த புதிய விதிகளின்படி சம்பளச் செலவு ஒரு எல்லையைத் தாண்டினால் கடும் வரியும், ஆள் மாற்றத் தடைகளும் விழும். 2025-26 பருவத்தில் ஓர் அணியின் அடிப்படைச் சம்பள வரம்பு 154.6 மில்லியன் டொலர். டேட்டத்துக்கும் பிரவுனுக்கும் மட்டும் சேர்த்து 107 மில்லியன் டொலர். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இரண்டு பேருக்கு! 2025 மே 12இல் நியூயோர்க்கில் 42 புள்ளி எடுத்து ஆடிக்கொண்டிருந்த டேட்டத்தின் வலது குதிகால் தசைநார் அறுந்தது. அந்தக் கோடையில் செலவைக் குறைக்க ஹொலிடேயும் போர்சிங்கிஸும் அனுப்பப்பட்டார்கள். திரும்பவும் சுற்றி இருந்தவர்கள்தான் போனார்கள். பிரிக்க வேண்டும் என்ற பேச்சும் திரும்ப வந்தது.

இப்போது எங்கள் கதை.

தரம் 6இலிருந்து ஒரே மேசையில் இருந்த இரண்டு பொடியன்கள். பெயர் வேண்டாம். ஒருவனுக்குக் கணிதம் தண்ணீர் போல. ஆனால் எழும்பி நின்று பேசச் சொன்னால் வியர்க்கும். மற்றவன் கடற்றொழிலாளியின் மகன். வாசிப்பு மெதுவாகத்தான் வரும். ஆனால் பேசத் தெரியும், பத்துப் பேரைச் சேர்க்கத் தெரியும். வலய மட்ட விஞ்ஞானப் போட்டியில் ஒருவன் செய்தான், மற்றவன் விளக்கினான். இரண்டாம் இடம் கொண்டு வந்தார்கள்.

அதே நேரம் வகுப்பில் சத்தம் என்றால் அந்த மேசையிலிருந்துதான். குழு வேலை என்றால் இருவரும் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுவார்கள். ஒரு பிள்ளை எங்களிடம் வந்து சொன்னான்: "அவனுகள் ரெண்டு பேரும்தான் எல்லாம் செய்யிறானுகள் சேர், எங்களுக்கு ஒண்டும் தாறானுகள் இல்ல." மார்க்கஸ் ஸ்மார்ட் சொன்னதும் இதுதானே.

தரம் 10க்கு வகுப்புப் பிரிக்கிற நேரம். ஸ்டாஃப் ரூமில் தேநீர் குடித்து முடிவதற்குள் முடிவெடுத்தோம். ஒருவன் ஏ, ஒருவன் பி. பொஸ்டனைப் பற்றி வருடக்கணக்காக வாதாடிய நாங்கள், இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்த நேரம் பத்து நிமிடம்.

நல்லது நடக்கவில்லை என்று சொல்லமாட்டோம். இரண்டு வகுப்பிலும் அதுவரை வாய் திறக்காத நான்கைந்து பிள்ளைகள் முன்னுக்கு வந்தார்கள். எங்களிடம் முறையிட்ட அந்தப் பிள்ளை இன்று குழுத் தலைவன். அது உண்மையான நன்மை. அதை மறுக்க முடியாது.

ஆனால் ஏ வகுப்புக்காரன் புள்ளி குறையாவிட்டாலும் மௌனமானான். பி வகுப்புக்காரன் கணிதத்தில் 50ஐத் தாண்டி எடுத்தவன், முதலாம் தவணையில் 30க்குக் கீழே. இரண்டாம் தவணையில் வாரத்துக்கு இரண்டு நாள் வரவில்லை. விசாரித்தால் வாப்பாவோடு கடற்கரையில் வலை தெரிவதாகச் சொன்னார்கள். அவனுக்குக் கணிதம் படிப்பித்தது நாங்கள் அல்ல, பக்கத்தில் இருந்தவன்தான் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நாங்கள் கரும்பலகையில் சொன்னதை அவன் தன்னுடைய பாஷையில் கூட்டாளிக்குத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் அதைச் "சத்தம்" என்று எழுதிவைத்திருக்கிறோம்.

ஒரு பின்னேரம் மூன்று பேரும் அவனுடைய வீட்டுக்குப் போனோம். உம்மா கதிரை போட்டார். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவனும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "ஏன் மகன் வாறீங்க இல்ல?" என்று கேட்டோம். கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்:

"நாங்க சத்தம் போட்டது பிழைதான் சேர். ஆனா எங்கள்ட்ட ஒரு சொல் கேட்டிருந்தா நாங்களே தள்ளி இருந்திருப்பம். நோட்டிஸ் போர்டுல பேரப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும்."

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் யாரும் கதைக்கவில்லை.

டிரோசன் சொன்னதும் இதுதான். நாற்பது மில்லியன் ரசிகர்கள் இருந்தாலும், பதினைந்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும் மனிதனுக்கு நோவது ஒரே இடத்தில். நம்மைப் பற்றிய முடிவை நம்மிடம் சொல்லாமல் எடுத்தது. பொஸ்டனையும் டொரொண்டோவையும் பல வருடம் பார்த்தும் அதில் நாங்கள் கவனித்தது யார் வென்றார் என்பதை மட்டும்தான்.

அதிபரோடு கதைத்தோம். அவர் நல்ல மனுஷன், பதிவேட்டை மாற்றச் சம்மதித்தார். இப்போது இருவரும் ஒரே வகுப்பு, ஆனால் வேறு வேறு மேசை. குழு வேலையில் வேறு வேறு குழு. அந்த நிபந்தனையை நாங்கள் போடவில்லை, அவர்களோடு உட்கார்ந்து கதைத்தபோது அவர்களே சொன்னது. பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் இருவரும் சேர்ந்து கணிதம் செய்யலாம். அதில் இன்னும் மூன்று பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், கேட்டால் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்டீவன்ஸ் சுற்றி ஆட்களை வைத்தது போல என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்ற இருவரும் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அவன் இப்போது ஒழுங்காக வருகிறான். புள்ளி கொஞ்சம் ஏறியிருக்கிறது, பழைய இடத்துக்கு இன்னும் வரவில்லை. ஓ/எல் பரீட்சைக்கு அதிகக் காலமும் இல்லை. ஒரு வருடத்தை நாங்கள் அவனிடமிருந்து எடுத்துவிட்டோம், அதைத் திருப்பிக் கொடுக்க எங்களிடம் வழியில்லை. இதை எழுதலாமா என்று இருவரிடமும், அவர்களுடைய பெற்றோரிடமும் கேட்டோம். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்கிறோம்.

நண்பர்களைப் பிரிக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சில நேரம் பிரிக்கத்தான் வேண்டும். ஒருவனை மற்றவன் இழுத்து விழுத்துகிற கூட்டும் இருக்கிறது, அதையும் வகுப்பில் பார்த்திருக்கிறோம். ஆனால் பிரிக்கிறதுக்கு முதல் இரண்டு கேள்வி இருக்கிறது. இந்தக் கூட்டில் யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்தோமா? அவர்களிடம் கேட்டோமா? இரண்டாவதுக்கு "இல்லை" என்றால், முடிவு சரியாக இருந்தாலும் செய்த விதம் பிழை.

பெற்றோரிடம் கேட்க இருந்தது இதுதான். உங்கள் பிள்ளையின் கூட்டாளி யார், அவனிடமிருந்து உங்கள் பிள்ளை என்ன படிக்கிறான், அவனுக்கு என்ன கொடுக்கிறான் என்று இந்தக் கிழமை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். "அவனோட சேராதே" என்று சொல்வதற்கு முதல் கேளுங்கள். பிறகு வகுப்பாசிரியரிடமும் வந்து சொல்லுங்கள். எங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் மூன்று பேரையும் கல்வியியற் கல்லூரியில் ஒரே அறையில் போட்ட விடுதிப் பொறுப்பாளர், "இதுகள் மூன்றும் ஒன்றாக இருந்தால் உருப்படாது, பிரியுங்கள்" என்று ஒரு தடவை சொன்னாராம். பிரிக்கவில்லை. உருப்பட்டோமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். 😊

டேட்டம், பிரவுன் விஷயத்தில் எங்களில் இருவர் "வைத்திருக்கட்டும்" கட்சி. ஒருவர் இன்னும் "அந்த 107 மில்லியனைக் கொஞ்சம் யோசியுங்கள்" கட்சி. கருத்துப் பகுதியில் சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் வரலாம். பிள்ளைகள் விஷயத்தில் சொல்ல ஏதும் இருந்தால் அதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் வாசிப்போம்.